நிகோலா கேப்டன் விழுங்காத மீன்

வார்னா,
1994 மார்ச் 14, திங்கள்

அன்புள்ள ஜிவ்கோ அண்ணா,

இந்தக் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப் போகிறேன். தேதி, மணி, யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, எனக்குச் சாதகமில்லாததையும் எழுதுவேன். போன இரண்டு கடிதங்களில் "அப்பா நலம், கடலும் நன்றாக இருக்கிறது" என்று எழுதியது அம்மா சொல்லி எழுதியது. அப்பா நலமாக இல்லை. கடலுக்கும் அவர் ஜனவரியிலிருந்து போகவில்லை.

துறைமுகத்துப் படிகளில் பதினோராவது படியில் உட்கார்ந்துவிடுவார். படகுகளைக் கணக்குப் பார்க்கிறேன் என்பார். உண்மையில் மூச்சு வாங்குகிறது. இதயத்தில் ஒரு வால்வு துருப்பிடித்த கதவு மாதிரி பாதிதான் திறக்கிறதாம். அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு பொருத்த வேண்டும். 7ஆம் தேதியிலிருந்து வார்னாவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நானும் அம்மாவும் ஸ்டான்கா சித்தி வீட்டில் தங்கியிருக்கிறோம். சித்தப்பா ரூசே ரயிலில் கண்டக்டராக இருப்பதால் இந்தக் கடிதம் தபாலில் வராது, அவர் கையிலேயே வரும். பதிலையும் அவரிடமே கொடு. அப்பாவுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஒரு சோதனை செய்தார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, அதில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். குழாய் உள்ளே இருக்கும்வரை ரத்தம் அதில் உறையக்கூடாது என்று ஒரு மருந்து கொடுப்பார்கள். முடிந்ததும், ரத்தம் மறுபடி உறைய ஓர் எதிர்மருந்து. இதெல்லாம் சோன்கா நர்ஸ் எனக்குச் சொன்னது. நாற்பது நிமிடம் என்றார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. அப்பாவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது மார்பெல்லாம் சிவந்த தடிப்பு, மூக்கில் ஆக்ஸிஜன். உதடு இரண்டும் வீங்கிப் பளபளத்தன. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிட்டதாம், பிறகு தூக்கி நிறுத்தினார்களாம்.

டாக்டர் மிலேவா (ஆபரேஷனின்போது மயக்க மருந்து கொடுக்கப்போகிறவர்) சாயம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ஆபரேஷனில் சாயம் கிடையாது, அதனால் பயமில்லை என்றார். அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பயம் போகவில்லை. அந்த உதட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எந்த நாள் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. சேரும்போது கொடுத்த படிவத்தை நான்தான் நிரப்பினேன், என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால். "உணவிலோ மருந்திலோ ஒவ்வாமை உண்டா" என்று ஒரு வரி. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இல்லைன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

உன் தங்கை
கலினா

*

ரூசே,
மார்ச் 16

கலினா,

ஏழு பக்கம். ஒரு கப்பலைக் கட்டுவதற்குக்கூட இந்த ஆற்றங்கரைப் பட்டறையில் இவ்வளவு காகிதம் செலவழிப்பதில்லை.

உண்மை எழுதப் போகிறாய் என்றால் இதையும் சேர்த்துக்கொள், ஏனென்றால் அந்த இடத்தில் நீ இல்லை, நான் இருந்தேன். 1992 டிசம்பர் 6. புனித நிகோலா திருநாள். அதே பெயர் வைத்த நம் கேப்டன் அப்பாவுக்குப் பெயர்நாள், மீனவர்களுக்குப் பெருநாள். வருடா வருடம் துறைமுகமே நம் வீட்டுக்கு வந்து, அவர் முதல் துண்டு மீனை வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். அந்தத் துண்டு மீசையைத் துடைக்கிற துணிக்குள் போய்விடும் என்பது நம் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். தொட்டால் ஒன்றுமில்லை, தின்றால் வீங்கும். மீன் தின்ன முடியாத மீனவர் தலைவன்.

அன்று சாயங்காலம் துறைமுகத்துச் சாராயக் கடையில் ஒருத்தன் கேட்டான்: "கேப்டன், உங்களுக்கு மீன் சாப்பிட்டா வாய் வீங்குமாமே?" நாற்பது பேர் சிரித்தார்கள். யார் சொன்னது என்று அவர் கேட்டார். நான்தான் என்றேன். அவர் கடைக்காரனைக் கூப்பிட்டார். பொரித்த பலமூத் மீன் ஒன்றை முழுசாகக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் முள் மட்டும் மிஞ்சும்வரை தின்றார். பிறகு, "என் பையன் பொய்யன். இனிமே என் வாசப்படி மிதிக்கக்கூடாது" என்றார்.

அதன் பிறகு அவர் மூன்று நாள் முகம் வீங்கிப் படுத்திருந்ததும், அம்மா கதவைச் சாத்திவைத்து, சளி என்று ஊருக்குச் சொன்னதும் நீ பார்த்தது. நான் பார்க்கவில்லை. நான் பஸ்ஸில் இருந்தேன். அந்த ஊரில் இன்றைக்கும் நான் அப்பாவைப் பற்றிப் பொய் சொன்னவன்.

ஆக, அவர் மீன் தின்பாரா, மாட்டாரா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவர் பாடு, அவர் வால்வு பாடு.

ஜிவ்கோ

அந்த மிலேவா டாக்டர் எப்படிப்பட்டவர்? சின்னப் பெண் பேசினால் காது கொடுத்துக் கேட்பவரா?

*

வார்னா,
மார்ச் 20, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

கேட்பவர்தான். ஆனால் நான் இன்னும் அவரிடம் பேசவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

கொண்டுவந்த மூன்று புத்தகங்களும் தீர்ந்துவிட்டன. சோன்கா நர்ஸிடம் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மருந்துப் பெட்டிகளில் மடித்து வைத்திருக்கும் தாள்களைக் கொடுத்து, "இதைப் படி, தூக்கம் வரும்" என்றார். தூக்கம் வரவில்லை. மறுநாள், அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை போட்ட மருந்துகளின் தாள்கள் மட்டும் வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஐந்து தாள் தேடிக் கொடுத்தார். நாலாவது தாள் அந்த எதிர்மருந்துடையது. பெயர் புரோட்டமின். பொடி எழுத்தில் மூன்றாவது வரி: சால்மன் வகை ஆண் மீன்களின் விந்துப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. வலையில் ஆண் மீன் சிக்கினால் வயிற்றில் இருக்குமே, நீங்களெல்லாம் வெண்ணெயில் வறுத்துத் தின்னும் அந்த வெள்ளைப் பை, அதேதான். அதற்குக் கீழே, மீன் ஒவ்வாதவர்களுக்குக் கவனமாகக் கொடுக்கவும் என்று இருந்தது.

நான் அந்த வரியை நாலு தடவை படித்தேன். பிறகு சோன்கா நர்ஸிடம், ஆபரேஷனிலும் இந்த மருந்து உண்டா என்று கேட்டேன். உண்டு, இதைவிடப் பல மடங்கு என்றார். இதயத்தை நிறுத்திவிட்டு உடம்பின் ரத்தம் முழுவதையும் ஒரு யந்திரம் வழியாக ஓடவிடுவார்களாம். அதற்கு நிறைய உறையாமருந்து. கடைசியில் அதை முறிக்க நிறைய எதிர்மருந்து. 29ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள்.

தாளை அப்பாவிடம் காட்டினேன். கையை நீட்டி, தூரத்தில் பிடித்துப் படித்தார். முதலில் சிரித்தார். "ஆஸ்பத்திரியிலயும் என்னை விடமாட்டேங்குதே இந்த மீன்" என்றார். பிறகு தாளை மடித்து என்னிடம் கொடுத்து, உள்ளே வைக்கச் சொன்னார். டாக்டரே சாயம் என்று சொல்லிவிட்டார், நீ என்ன டாக்டருக்கு டாக்டரா என்றார்.

சாயமாக இல்லாவிட்டால் என்று கேட்டேன்.

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு மீன் ஆகாதுன்னு ஆயிட்டா, அன்னிக்குப் பொய் சொன்னவன் யாருன்னு ஆகும்? போ. போய் அம்மாகூட இரு."

அண்ணா, மீனவன் மீன் தின்னவில்லை என்று ஊர் சிரிக்கும், அதற்குத்தான் பயப்படுகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது இல்லை. உனக்குச் செய்ததற்குத்தான் கூசுகிறார்.

இப்போது எனக்குச் சாதகமில்லாதது. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மூன்று தடவை ஆரம்பித்து அடித்துவிட்டேன். கடையில் அந்த ஆளுக்கு விஷயம் உன்னிடமிருந்து போகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நவம்பரில் வகுப்பில் "என் தந்தையின் ஒரு நாள்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றார் டீச்சர். நான் மீசைத் துணியைப் பற்றி எழுதினேன், உதடு வீங்குவதைப் பற்றியும் எழுதினேன். ஆறுக்கு ஆறு மதிப்பெண் வாங்கியது. டீச்சர் அதை உரக்கப் படித்தார். துறைமுகத்துக் கான்ச்சோ மாமாவின் பேத்தி என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நீ ஏன் நான்தான் என்று சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஏன் பதினைந்து மாதமாக வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பயம்.

கலினா

*

ரூசே,
மார்ச் 22

அசடே,

எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த வாரம் ரொட்டி வரிசையில் உன் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டு உன் கட்டுரையைப் பத்து நிமிடம் பாராட்டினார். அந்தத் துணியைப் பற்றிய வரியை மனப்பாடமாகச் சொன்னார்.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், இல்லாவிட்டால் அவர் வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்பார். நீயும் நின்ற இடத்திலேயே தேதி மணியோடு எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பாய். உனக்குப் பன்னிரண்டு வயது. எனக்குப் பத்தொன்பது, எப்படியும் ஊரைவிட்டுப் போக வழி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த மீனைத் தின்பார் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. அவர் ஒவ்வொரு வாயாக விழுங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை, வாசப்படிக்காக இல்லை.

இதோ பார். உண்மை சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டாய், சரி. இப்போது சொல்ல வேண்டிய இடம் வந்திருக்கிறது. அதே வாய்தானே? எழுந்து போ. இந்தக் கடிதத்தை அப்புறம் படித்துக்கொள். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போ. அவர் கத்தினால் கத்தட்டும், கத்துவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

உன்னையும் வாசப்படி மிதிக்காதே என்றால் இங்கே வா. விடுதியில் நாலு பேருக்கு ஒரு அறை, மூன்று பேர் குறட்டை விடுவார்கள். கண்டக்டர் சித்தப்பா கையில் என் ரத்த வகை அட்டையையும் கொடுத்தனுப்புகிறேன். அவருடைய வகைதான். தேவைப்பட்டால் டாக்டரிடம் காட்டு. நான் வருகிறேன் என்று அர்த்தமில்லை.

ஜிவ்கோ

*

வார்னா,
மார்ச் 26, சனி

அன்புள்ள அண்ணா,

சொல்லிவிட்டேன்.

23ஆம் தேதி, மதியம் பன்னிரண்டரை. டாக்டர் மிலேவா தன் மேசையில் தயிரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தாளை அவர் முன்னால் வைத்து, மூன்றாவது வரியைக் காட்டி, அப்பாவுக்கு மீன் ஆகாது என்றேன். அவர் கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு அப்பாவின் ஃபைலை எடுத்து வந்தார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது? இந்த வார்டுலயே படிக்க முடியற ஒரே படிவம் இதுதான்."

"என்னோடது."

"இந்த ‘இல்லை’யும் நீ எழுதினதுதானா?"

ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. எத்தனை தடவை வீங்கியிருக்கிறது, மூச்சுத் திணறியதா, எவ்வளவு நேரத்தில் என்று கேட்டார். 1992 டிசம்பர் 6லிருந்து 9 வரை நான் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு தன் சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்து, "நீயே திருத்து" என்றார். "இல்லை"யை அடித்து, மேலே "உண்டு, மீன்" என்று எழுதினேன். அவசரத்தில் அது மட்டும் அழகாக வரவில்லை.

மீன் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் இந்த மருந்து கெடுதல் செய்யாது என்றார் அவர். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாதாம். "ஆனா உங்கப்பாவுக்கு ஒரு தடவை ஆயிருக்கு. சாயம்தான்னு நாங்க நினைச்சோம். இப்ப பாத்தா, மூச்சுத் திணறல் வந்தது சாயம் ஏத்தினப்ப இல்ல, எதிர்மருந்து ஏத்தின நாலு நிமிஷத்துல. தெரியாம செவ்வாய்க்கிழமை முழு அளவு போட்டிருந்தா..." அதோடு நிறுத்திவிட்டார். நான் அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

புதுத் திட்டம் இது. எதிர்மருந்து ஒரு துளிகூடக் கிடையாது. உறையாமருந்து தானாகவே உடம்பிலிருந்து கரைந்து போகும்வரை காத்திருப்பார்கள். நாலு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ ஆகும். அதுவரை வெட்டின இடமெல்லாம் கசிந்துகொண்டே இருக்கும். கசிவதற்கு ஈடாக, அன்றைக்கே எடுத்த புது ரத்தம் ஏற்ற வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நாலு பேர் ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். அப்பாவுக்குப் பத்துப் பேர்.

அன்று சாயங்காலம் டாக்டர் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். டாக்டர் போனதும் அப்பா அம்மாவிடம், "வீட்டுக்குள்ளயே ரேடியோ ஸ்டேஷன் வெச்சு வளத்திருக்கேன்" என்றார். அதன் பிறகு ஒன்றரை நாள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

நேற்று மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். நோன்பு நடுவில் மீன் தின்ன அனுமதியுள்ள நாள் என்பது உனக்கு நினைவிருக்குமோ என்னமோ, விடுதியில் எல்லா நாளும் ஒன்றுதானே. பத்து மணிக்குத் துறைமுகத்திலிருந்து கான்ச்சோ மாமாவும் இன்னும் எட்டுப் பேரும் வந்தார்கள். ரத்தம் கொடுக்கப் பெயர் எழுத வந்தவர்கள், சும்மா வரவில்லை. காகிதத்தில் சுற்றி, இன்னும் சூடு ஆறாத பொரித்த மீன் கொண்டுவந்தார்கள். வார்டு முழுக்க வாசனை. மற்ற நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கான்ச்சோ மாமா கட்டிலருகே நின்று, "என்ன கேப்டன், பத்துப் பேர் ரத்தமா? உன்னை அறுக்கறாங்களா, திமிங்கலத்தை அறுக்கறாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மீனில் ஒரு துண்டு பிட்டு அப்பாவிடம் நீட்டினார். கேப்டன் முதலில் வாயில் வைக்காமல் அவர்கள் எப்படித் தின்பார்கள்?

அப்பா இடது கையால் மீசைத் துணியை எடுத்தார். ஆஸ்பத்திரித் துணிதான், ஆனாலும் அதே மாதிரி மடித்து வைத்திருந்தார். வலது கையில் மீன். வாய் வரைக்கும் போய்விட்டது. அங்கே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். ஒன்றரை நாளில் முதல் தடவை. பிறகு மீனைக் காகிதத்தில் வைத்துவிட்டு, அதன் மேல் துணியைப் போட்டார்.

"எடுத்துட்டுப் போ கான்ச்சோ. எனக்கு மீன் ஆகாது. சின்ன வயசுலருந்தே ஆகாது."

அப்பா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கடையில ஜிவ்கோ சொன்னது நிஜம். பொய் சொன்னது நான். அந்த மீனைத் தின்னுட்டு மூணு நாள் சாகக் கிடந்தேன். ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க, என் பையன் பொய்யன் இல்ல."

கான்ச்சோ மாமா தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "நாப்பது வருஷமா உன் பங்கு மீனை என்னடா பண்ணின?" என்று கேட்டார்.

"பூனைக்குப் போட்டேன்."

"அதானே பாத்தேன். உன் வீட்டுப் பூனை மட்டும் கன்னுக்குட்டி சைஸ்ல இருக்கேன்னு."

அப்பா சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி, அம்மா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மீனைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்பாவுக்கு மட்டும் அம்மா பீன்ஸ் சூப் ஊட்டினாள்.

எல்லோரும் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "அவனுக்குத்தானே எழுதற, பக்கம் பக்கமா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, கண்டக்டர் என் சகலைதான?" என்றார். பிறகு, "எழுது. பத்துப் பேர் ரத்தம் வேணும், ஒம்பது பேர்தான் கெடச்சாங்கன்னு எழுது" என்றார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். ஆனால் நான் உண்மையாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். வந்த ஒன்பது பேரோடு பக்கத்து வார்டில் இருந்து இரண்டு பேர் சேர்ந்து, பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கலினா

*

ரூசே,
மார்ச் 27

கலினா,

பதினோரு பேர் இருக்கும்போது பன்னிரண்டாவது ஆள் எதற்கு என்று கேட்டு எழுதலாமென்று உட்கார்ந்தேன். சித்தப்பா, சீக்கிரம் எழுதுடா ரயில் கிளம்பப் போகிறது என்று நச்சரிக்கிறார்.

நானே வந்து கேட்டுக்கொள்கிறேன். திங்கள் இரவு ரயில். செவ்வாய் காலை வாசலில் நில். எந்த மாடி என்று எனக்குத் தெரியாது.

ஜிவ்கோ

கட்டுரை நோட்டு இன்னும் இருக்கிறதா? நான் அதைக் காதால் கேட்டதோடு சரி.

*

வார்னா, ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, பெஞ்சு
மார்ச் 29, செவ்வாய்

அன்புள்ள அண்ணா,

நீ என் பக்கத்தில்தான் அம்மாவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். ஆனாலும் எழுதுகிறேன். தொடங்கியதை முடிக்க வேண்டும், தவிர, முக்கியமான பகுதியை நீ தூங்கியே கழித்துவிட்டாய். எதிரே ஆபரேஷன் அறைக் கதவு. அதற்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது.

காலை 6:40. நீ வார்டுக்குள் போனாய். நான் பின்னால் நின்றேன். அப்பா உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆத்துத் தண்ணி உன்னை வெளுக்க வெச்சிருச்சு" என்றார். நீ, "ஒங்க உதடு நல்லாத்தான் இருக்கு" என்றாய். அப்புறம் அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார், தள்ளுவண்டி வரும்வரை விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வேறொன்றும் பேசவில்லை என்று நான் சாட்சி சொல்கிறேன்.

8:05. விளக்கு எரிந்தது.

11:35. சோன்கா நர்ஸ் தலையை நீட்டி, புது வால்வு பொருந்திவிட்டது, யந்திரத்தை நிறுத்திவிட்டார்கள், இதயம் தானாக அடிக்கிறது என்றார். வழக்கமாக இந்த இடத்தில்தான் எதிர்மருந்து. அது இல்லாததால் இனிமேல்தான் காத்திருப்பு. ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்களாம். இப்போது 470. நூற்றைம்பதுக்குக் கீழே வந்தால் பிழைத்தோம். நான் அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

12:30. 340. துறைமுகத்து ஆட்கள் ஒவ்வொருவராக முழங்கையில் பஞ்சோடு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். கான்ச்சோ மாமா, என் ரத்தம் ஏறின பிறகு கேப்டன் மீன் தின்னாவிட்டால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

1:10. கசிவு அதிகமாகிவிட்டது. கதவு இரண்டு தடவை திறந்தது, யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அம்மா என் கையை நெரித்தாள். ரத்தம் கொடுக்க உன்னைக் கீழே கூப்பிட்டார்கள். 1:45க்குச் சோன்கா நர்ஸ் ஒரு பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். குளிர்ந்துவிடக்கூடாதாம். அதில் உன் பெயர் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். எழுத்து மோசம், ஆனால் ஜிவ்கோ என்று படிக்க முடிந்தது. ஐந்து நிமிடம் கழித்து நீ வந்தாய். முகம் உண்மையிலேயே வெளுத்திருந்தது. அரை ரொட்டியைத் தின்றாய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாய், தூங்கிப்போனாய்.

2:20. 230.

3:15. 170. கான்ச்சோ மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

3:50. டாக்டர் மிலேவா வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். நூற்றிருபத்தெட்டு என்றார். ரத்தம் தானாகவே உறைகிறது, கசிவு நின்றுவிட்டது, மார்பை மூடி முடிக்கப் போகிறார்கள், தடிப்பு இல்லை, அழுத்தம் ஒரு தடவைகூட விழவில்லை. "ஒரு துளி போடலம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முதலில் சிரித்தாள், அப்புறம்தான் அழுதாள். உன்னை எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

டாக்டர் அப்பாவின் ஃபைலையும் ஒரு தடித்த சிவப்புப் பேனாவையும் என்னிடம் கொடுத்தார். அட்டை மேலேயே, யார் எப்போது எடுத்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி எழுதச் சொன்னார். எழுதினேன்: நிகோலா கேப்டனுக்கு மீன் ஆகாது. புரோட்டமின் கொடுக்கக்கூடாது. "கேப்டன்" என்பது தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. இந்தத் தடவை எழுத்து அழகாக வந்தது.

நீ எழுந்ததும் இதைக் கையில் கொடுப்பேன். கட்டுரை நோட்டும் பையில் இருக்கிறது. உன் குறட்டைக்கு எட்டுப் பேர் படிக்கட்டில் சிரிக்கிறார்கள், அதையும் குறித்து வைக்கிறேன்.

4:10. கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கை அணைத்துவிட்டார்கள்.